சுடக்கூடாத துப்பாக்கி: கல்வான், ஃபௌ-ஜி, கேமராவின் கண்

2021 ஜனவரி 25 மாலை, குடியரசு தினத்துக்கு முந்தின நாள் வழக்கமாக வரும் வீரதீர விருதுப் பட்டியல் வெளியானது. மறைவுக்குப் பின் வீர் சக்ரா பெற்றவர்களில் ஒருவர் ஹவில்தார் கே. பழனி. ஊர் கடுக்களூர், திருவாடானை பக்கம், எங்கள் ராமநாதபுரம் மாவட்டம். மறுநாள் ஜனவரி 26, கூகுள் பிளே ஸ்டோரில் ஃபௌ-ஜி என்ற மொபைல் கேம் வந்தது. கதை நடக்கும் இடம் கல்வான் பள்ளத்தாக்கு. பழனி இறந்த அதே இடம். சம்பவம் நடந்து ஏழரை மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

தேதிகள் ஒட்டி வந்ததில் மர்மம் ஒன்றும் இல்லை. விருது எப்போதும் அந்த நாளில்தான் வரும், கேம்காரர்களும் விளம்பரத்துக்கு நல்ல நாள் பார்த்திருப்பார்கள். ஆனாலும் பொழுதுபோக்குக்காக கேம் வரலாறு தோண்டிக்கொண்டிருக்கும் ஒரு சாஃப்ட்வேர்காரனுக்கு இது சும்மா கடந்து போகிற விஷயம் இல்லை. ஒரு நிஜச் சாவு எப்படி விளையாடக்கூடிய காட்சியாக மாறுகிறது? அந்தக் காட்சியில் நமக்கு யாருடைய கண்ணைக் கொடுக்கிறார்கள்? கைக்கு என்ன வேலை கொடுக்கிறார்கள்? இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

முதலில் நடந்தது என்ன என்று சுருக்கமாக. 2020 ஜூன் 15 இரவு, கிழக்கு லடாக்கில் இந்திய, சீனப் படையினர் கைகலந்தார்கள். துப்பாக்கிச் சூடு இல்லை. கல், கம்பி, ஆணி அடித்த தடி. மறுநாள் ராணுவம் முதலில் சொன்ன எண்ணிக்கை 3: கர்னல் சந்தோஷ் பாபு, ஹவில்தார் பழனி, சிப்பாய் குந்தன் ஓஜா. அன்று இரவு அது 20 ஆனது. படுகாயமடைந்த 17 பேர், அந்த உயரத்தில், உறைநிலைக்குக் கீழான குளிரில் கிடந்து இறந்துபோனதாக ராணுவ அறிக்கை சொன்னது. சீனா தன் பக்கம் 4 பேர் இறந்ததை 2021 பிப்ரவரியில்தான் ஒப்புக்கொண்டது. பழனி பீரங்கிப் படைக்காரர், 81 ஃபீல்டு ரெஜிமென்ட். பீரங்கிப் படையில் இருபது வருஷத்துக்கு மேல் சர்வீஸ் போட்ட ஒருவர், ஒரு குண்டுகூட வெடிக்காத சண்டையில் செத்துப்போனார்.

இப்போது கேம். பப்ஜி மொபைல் உட்பட 118 செயலிகளை மத்திய அரசு தடை செய்தது 2020 செப்டம்பர் 2. இரண்டே நாளில், செப்டம்பர் 4 அன்று, நடிகர் அக்ஷய் குமார் ஃபௌ-ஜியை அறிவித்தார். தயாரிப்பு பெங்களூரு என்கோர் கேம்ஸ். நிகர வருமானத்தில் 20 சதவீதம் 'பாரத் கே வீர்' நிதிக்குப் போகும் என்றார்கள். பப்ஜிக்கு மாற்று என்று ஊரே எதிர்பார்த்தது. வந்தது வேறு ஒன்று. தேர்டு பெர்சன், அதாவது கேமரா நாயகனின் முதுகுக்குப் பின்னால் நிற்கும். பனிமலையில் நடக்க வேண்டும், எதிரிகள் வருவார்கள், கையாலும் தடியாலும் அடிக்க வேண்டும். அடி, தடு, அடி, நட. நடுநடுவே வசனக் காட்சிகள். ரொம்ப அடி வாங்கிவிட்டால் வழியில் நெருப்பு மூட்டியிருக்கும் இடத்தில் போய் நின்றால் போதும், உயிர்க்கோடு ஏறிவிடும்.

அந்த நெருப்பு என்னை உறுத்தியது. கேம் மொழியில் அது சாதாரணம். எத்தனையோ கேம்களில் நெருப்பு மூட்டிய இடம்தான் இளைப்பாறும் இடம். டிசைன் செய்தவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. ஆனால் 17 பேர் குளிரில் கிடந்து இறந்ததாக ராணுவமே சொன்ன ஒரு இரவைப் பற்றிய கேமில், இரண்டு வினாடி நெருப்புப் பக்கம் நின்றால் சரியாகிவிடும் என்று வைத்தால், அங்கே இருப்பது கல்வான் இல்லை. பெயர்ப்பலகை மட்டும் கல்வான்.

மோசமான கேம், விடுங்க என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் இது நன்றாக எடுக்கப்பட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்க, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

என் வயதுக்காரர்களுக்கு எல்லாம் ஆரம்பித்தது ஐஜிஐயில். 2000-ல் வந்த நார்வே கேம். ராமநாதபுரத்தில் பிரவுசிங் சென்டர்கள் முளைத்த காலம். மெயில் பார்க்க வருகிறவர்களைவிட ஐஜிஐ விளையாட வரும் கூட்டம் அதிகம், நெட் வேலை செய்யாத நேரத்தில் கடைக்காரருக்கு அதுதான் வருமானம். நடுவில் சேவ் செய்ய முடியாது என்பதால் மிஷன் முடிய அஞ்சு நிமிஷம் இருக்கும்போது மணி முடிந்துவிட்டால் அண்ணனிடம் கெஞ்ச வேண்டும். அதில் ஒரு வினோதம்: முழுக்க ஜோன்ஸின் கண் வழியாகத்தான் பார்ப்போம். ஏணியில் ஏறும்போதும் கம்பியில் சறுக்கும்போதும் மட்டும் கேமரா வெளியே வந்து ஜோன்ஸின் முழு உடம்பையும் காட்டும். அந்தச் சில வினாடிகள் நாம் ஜோன்ஸ் இல்லை, ஜோன்ஸை வேடிக்கை பார்க்கிறவர்கள். ஏறி முடித்ததும் திரும்ப உள்ளே போய்விடுவோம். அப்போது அது தொழில்நுட்ப வசதிக்காகச் செய்த வேலையாகத்தான் பட்டது. ஆனால் கேம் வரலாற்றில் பெரிய சண்டையே இந்தக் கோட்டின் மேல்தான் நடந்தது. கதை சொல்லும்போது கேமரா உள்ளே இருக்க வேண்டுமா, வெளியே வர வேண்டுமா?

பழைய வழி எளிது. விளையாட்டு நிற்கும், சினிமா ஓடும், முடிந்ததும் விளையாட்டு தொடரும். இதற்குத்தான் கட்சீன் என்று பெயர். 1998-ல் வால்வ் நிறுவனத்தின் ஹாஃப்-லைஃப் இதை ஏறக்குறைய தூக்கி எறிந்தது. ஆரம்பத்தில் டிராம் ஒன்றில் ஏற்றி ஆராய்ச்சிக்கூடத்துக்குள் கூட்டிப்போவார்கள். சுட ஒன்றும் இல்லை, செய்ய ஒன்றும் இல்லை, ஆனால் கண் நம்முடையது. எந்தப் பக்கம் பார்ப்பது என்பது நம் இஷ்டம். ராமேஸ்வரம் ரயிலில் பாம்பன் பாலம் வரும்போது ஜன்னல் பக்கம் முண்டியடிக்கிறோமே, அந்த மாதிரி. வண்டி போகிற பாதையை மாற்ற முடியாது, பார்வையை மாற்றலாம்.

இந்த உத்தியைப் போருக்குள் கொண்டுபோனது கால் ஆஃப் டியூட்டி. 2003-ல் வந்த முதல் பாகத்தில் ஸ்டாலின்கிராட் காட்சி. வோல்கா ஆற்றைப் படகில் தாண்டி இறங்கினால், பக்கத்தில் இருப்பவருக்கு ரைஃபிள் கொடுப்பார்கள். நமக்குத் தோட்டா மட்டும். எத்தனை பட்டனை அமுக்கினாலும் ஒன்றும் வெடிக்காது. துப்பாக்கி கேம் வாங்கி உட்கார்ந்தவன் கையில் துப்பாக்கி கொடுக்காமல் ஓடவிடுவது! வன்முறை கேம் வரலாற்றில் மிக புத்திசாலித்தனமான காட்சிகளில் இது ஒன்று என்பேன். பயம் என்பது ரத்தத்தில் இல்லை, வேலை செய்யாத பட்டனில் இருக்கிறது.

2007-ல் மாடர்ன் வார்ஃபேர் இன்னும் ஒரு படி போனது. மத்தியக் கிழக்கில் பெயர் சொல்லாத ஒரு நாட்டின் அதிபராக நாம் இருப்போம். இழுத்துவந்து காரில் திணிப்பார்கள். தலையை மட்டும் திருப்பலாம். ஜன்னலுக்கு வெளியே ஜனங்கள் ஓடுகிறார்கள், சுவரோரம் நிற்க வைத்துச் சுடுகிறார்கள். படத்தில் மாதிரி டைட்டில் பெயர்கள் மேலே ஓடிக்கொண்டிருக்கும். கடைசியில் கேமராவைப் பார்த்து, அதாவது நம் கண்ணைப் பார்த்து, துப்பாக்கியை நீட்டுவார்கள். அவ்வளவுதான். சாகிறவனின் கண், கைக்கு வேலை இல்லை.

அதே கேமில் நேர் எதிரான காட்சியும் உண்டு. ஏசி-130 விமானத்தில் உட்கார்ந்து, கறுப்பு வெள்ளை வெப்பக் கேமரா வழியாகக் கீழே வெள்ளை வெள்ளையாக ஓடும் புள்ளிகளைச் சுட வேண்டும். அலட்டிக்கொள்ளாத குரலில் பின்னால் பேச்சு கேட்கும். கையில் உலகத்து ஆயுதம் எல்லாம் இருக்கிறது, கண்ணுக்கு முகம் மட்டும் தெரியாது. 2008 வாக்கில் ஊருக்கு வந்திருந்தபோது இதை என் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினேன். கூட இருந்தவன் பள்ளியில் என்னோடு படித்தவன், 1990-ல் சின்னப் பையனாகப் படகில் வந்து மண்டபம் முகாமில் வளர்ந்தவன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஹெலிக்காரனுக்கு இப்படித்தான் தெரிஞ்சிருக்கும் என்னடா? நாங்க பங்கருக்குள்ள இருந்து சத்தத்தைத்தான் கேட்டது" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, ஒரு தகவல் தெரிந்துகொண்ட மாதிரிதான் சொன்னான். அப்புறம் மவுஸை வாங்கி அவனும் விளையாடினான். நன்றாகவே விளையாடினான்.

இப்போது 2009 நவம்பர் 10. மாடர்ன் வார்ஃபேர் 2, 'நோ ரஷ்யன்' என்ற மிஷன். கேம் உலகத்தில் இதைப் பற்றி எழுதாதவர்களே கிடையாது. மாஸ்கோ விமான நிலையம். மகரோவ் என்பவனின் தீவிரவாதக் குழுவோடு லிஃப்டிலிருந்து இறங்குகிறோம். நாம் உண்மையில் அந்தக் குழுவுக்குள் ஊடுருவிய சிஐஏ ஆள். கூட வருகிறவர்கள் பயணிகளைச் சுட ஆரம்பிக்கிறார்கள். நம்மால் ஓட முடியாது, மெதுவாக நடக்கத்தான் முடியும். கையில் மெஷின் கன், டிரிகர் வேலை செய்யும். ஆனால் அமுக்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பயணிகள் மீது ஒரு குண்டுகூடச் சுடாமல் கடைசிவரை கூடவே நடந்து போகலாம், கேம் ஒன்றும் சொல்லாது. எது செய்தாலும் முடிவில் மகரோவ் நம்மைச் சுட்டுவிடுவான்.

இந்தியாவில் இதை விளையாடியவர்களுக்கு இன்னொரு கனம் இருந்தது. மும்பை சிஎஸ்டி ரயில் நிலையத்தில் இரண்டு பேர் இதேபோல் நடந்துகொண்டே சுட்டு 58 பேரைக் கொன்று ஒரு வருஷம்கூட முடிந்திருக்கவில்லை. அந்த இரவை நாம் பார்த்தது சிசிடிவியின் கண்ணிலும், செபாஸ்டியன் டிசோசா என்ற பத்திரிகைப் புகைப்படக்காரரின் கண்ணிலும். விஷ்ணு ஜெண்டே என்ற ரயில்வே அறிவிப்பாளர் தன் அறையிலிருந்து பார்த்துக்கொண்டே, மைக்கில் ஜனங்களை எந்த வழியாக வெளியேறுவது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஜெண்டேயின் கண்ணை வைத்து யாராவது ஒரு கேம் எடுத்திருந்தால் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. கையில் மைக் மட்டும்.

'நோ ரஷ்ய'னுக்கு உலகம் காட்டிய எதிர்வினை சுவாரசியமானது. ரஷ்யப் பதிப்பில் மிஷனையே எடுத்துவிட்டார்கள். ஜப்பானிலும் ஜெர்மனியிலும் பயணியைச் சுட்டால் மிஷன் தோல்வி என்று மாற்றினார்கள். மற்ற இடங்களில் ஆரம்பத்திலேயே எச்சரித்து, வேண்டுமானால் தாண்டிப் போகலாம் என்றார்கள். இதில் ஜப்பான், ஜெர்மனி மாற்றத்தைக் கவனியுங்கள். பார்க்க ஒழுக்கமாகத் தெரியும். ஆனால் சுட்டால் தோல்வி என்று கேமே சொல்லிவிட்டால், சுடாமல் இருப்பது நம் முடிவு இல்லை, விதி. மூலப் பதிப்பில் விரல் டிரிகர் மேல் இருக்கும்போது வந்த கூச்சம் இதில் கிடையாது. என் அபிப்பிராயத்தில் அந்தக் காட்சியில் உருப்படியாக இருந்த ஒரே விஷயத்தையும் கழற்றிவிட்டார்கள். (மற்றபடி அந்த மிஷனின் கதைத் தர்க்கம் ஓட்டை. ஒரு ஆளின் சடலத்தை வைத்து அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் போர் மூள்வதெல்லாம் நம்ம ஊர் மசாலாப் படத்தில்கூட நம்ப மாட்டார்கள்.)

2012-ல் வந்த ஸ்பெக் ஆப்ஸ்: தி லைன் மேலே சொன்ன இரண்டு கண்களையும் ஒட்டவைத்தது. அதே கறுப்பு வெள்ளைக் கேமரா, கீழே புள்ளிகள், நாம் பாஸ்பரஸ் குண்டு போடுகிறோம். ஆனால் அந்தத் திரையில் நாயகனின் முகம் மங்கலாகப் பிரதிபலித்துக்கொண்டே இருக்கும். முடிந்ததும் கேம் நம்மைக் கீழே இறக்கி, எரிந்து கிடப்பவர்கள் நடுவே நடக்கவிடும். புள்ளிகள் யார் என்று அப்போதுதான் தெரியும். வேறு வழியே கொடுக்காமல் செய்ய வைத்துவிட்டு என்னைக் குற்றவாளி ஆக்குவது நியாயமா என்று திட்டியவர்கள் நிறைய. அந்தத் திட்டில் பாதி நியாயம் உண்டு.

நம் நாட்டில் இந்த விவாதம் எப்படிப் போனது? பப்ஜியைத் தடை செய்தது தகவல் பாதுகாப்புக் காரணத்துக்காக. வன்முறைக்காக இல்லை. 2021 ஜூலையில் அது பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பி வந்தபோது ரத்தம் பச்சை ஆகியிருந்தது. இது கற்பனை உலகம் என்று அறிவிப்பு வந்தது. 18 வயதுக்குக் கீழ் என்றால் ஒரு நாளைக்கு 3 மணி நேரம்தான் என்றார்கள். நேரக் கட்டுப்பாடு சரி, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பனாக நான் வரவேற்கிறேன். ஆனால் ரத்தத்தின் நிறம்? மேலே சொன்ன காட்சிகள் எதிலும் என்னைத் தூங்கவிடாமல் செய்தது நிறம் இல்லை. நான் யாருடைய கண்ணுக்குள் இருந்தேன், என் கையால் என்ன முடியவில்லை என்பதுதான்.

சரி, கல்வானுக்கு வருவோம். சண்டை நடந்த மூன்றாம் நாள், நம் வீரர்களை ஏன் ஆயுதம் இல்லாமல் அனுப்பினீர்கள் என்று ராகுல் காந்தி கேட்டார். வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் ட்விட்டரில் பதில் எழுதினார். சாரம் இது: எல்லைப் பணியில் இருப்பவர்கள் எப்போதும் ஆயுதம் வைத்திருப்பார்கள், அன்றும் வைத்திருந்தார்கள், ஆனால் 1996, 2005 ஒப்பந்தங்களின்படி இதுபோன்ற முட்டல்களில் துப்பாக்கியைப் பயன்படுத்துவதில்லை என்பது நீண்டகால வழக்கம். 1996 ஒப்பந்தத்தில் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது என்றே இருக்கிறது.

இதை ஒரு கேம் டிசைனராகப் படித்துப் பாருங்கள். துப்பாக்கி இருக்கிறது. குண்டு இருக்கிறது. எதிரே ஆணித் தடியோடு வருகிறார்கள். உங்கள் கமாண்டிங் ஆபீசர் கண் முன்னால் விழுகிறார். டிரிகர் வேலை செய்யும். அமுக்கினால் இரண்டு அணு ஆயுத நாடுகளுக்கு நடுவே நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரு சாவும் இல்லாமல் ஓடிவந்த ஏற்பாடு அந்த வினாடியில் முடிந்துபோகலாம். அமுக்காவிட்டால் பக்கத்தில் இருப்பவன் சாகலாம், நீங்களும் சாகலாம். ஸ்டாலின்கிராட் காட்சியில் துப்பாக்கியே கிடையாது. 'நோ ரஷ்ய'னில் சுடலாம், சுடாமலும் இருக்கலாம், எதுவும் மாறாது. கல்வான் இரண்டையும்விடக் கடினமான நிலை, அதுவும் எழுத்தாளர் கற்பனை செய்தது இல்லை. பழனி காயத்தோடும் சகாக்களைக் காக்க நின்றார் என்பதற்குத்தான் வீர் சக்ரா. அந்த இரவில் சுடாமல் நின்றதும் அதற்குள் அடக்கம்.

ஃபௌ-ஜியில் இந்தச் சிக்கலே இல்லை, ஏனென்றால் நாயகனிடம் துப்பாக்கியே இல்லை. தடி இருக்கிறது, அடித்தால் சத்தமாக விழுகிறது. சுடக்கூடாது என்ற தவிப்பு வெறும் அடிதடி ஆகிவிட்டது. கேமராவும் யாருடைய கண்ணும் இல்லை. முதுகுக்குப் பின்னால் மிதக்கும் ஒன்று, ஐஜிஐ ஏணிக் காட்சி முடியாமல் நீண்டுகொண்டே போவது மாதிரி.

அப்படியானால் கல்வானைத் தரமான ஃபர்ஸ்ட் பெர்சன் கேமாக எடுக்க வேண்டும் என்கிறேனா? அங்கேதான் தயங்குகிறேன். ஜூன் 18 அன்று கடுக்களூரில் அரசு மரியாதையோடு அடக்கம் நடந்தது. பள்ளி வயதில் இரண்டு பிள்ளைகள். அவர்கள் வளர்ந்து கையில் ஃபோன் எடுக்கும்போது, அப்பா செத்த இடத்தை யாரோ ஒருத்தன் அப்பாவின் கண்ணுக்குள் உட்கார்ந்து, தோற்றுப்போய், திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கிற மாதிரி ஒரு கேம் இருக்க வேண்டுமா? 'ரீஸ்டார்ட்' என்ற பட்டனுக்கு அந்த வீட்டில் என்ன அர்த்தம்?

போலந்தில் 11 பிட் ஸ்டூடியோஸ் 2014-ல் செய்த 'திஸ் வார் ஆஃப் மைன்' இதற்கு ஒரு வழி காட்டுகிறது. அவர்கள் எடுத்துக்கொண்டது சரயேவோ முற்றுகை, 1992 முதல் 1996 வரை நடந்தது. ஆனால் கேமில் சரயேவோ என்ற பெயர் கிடையாது, பொகோரென் என்று ஒரு கற்பனை நகரம். நாம் போர்வீரர் இல்லை, இடிந்த வீட்டில் ஒதுங்கிய சாதாரண ஜனங்கள். பகலில் வெளியே தலைகாட்டினால் ஸ்னைப்பர், ராத்திரியில் போய் அரிசி பருப்பு மாதிரி ஏதாவது தேடி எடுத்து வர வேண்டும். ஒரு வீட்டில் வயதான தம்பதி இருப்பார்கள், அவர்களிடம் திருடலாம். தடுக்கவும் மாட்டார்கள். திருடி வந்தபின் நம் ஆட்கள் பேசாமல் உட்கார்ந்துவிடுவார்கள். இத்தனைக்கும் அது ஃபர்ஸ்ட் பெர்சன்கூட இல்லை, பொம்மை வீட்டைப் பக்கவாட்டில் பிளந்து பார்க்கிற மாதிரி. கண் எங்கே இருக்கிறது என்பது கேமரா வைத்த இடத்தைப் பொறுத்தது மட்டும் இல்லை என்று அதைப் பார்த்தபின்தான் எனக்குத் தெளிவானது. 2020-ல் போலந்து அரசு அதைப் பள்ளி மாணவர்களுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது.

அவர்கள் ஊரின் பெயரை மாற்றிவிட்டு, நடந்ததை அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஃபௌ-ஜி ஊரின் பெயரை வைத்துக்கொண்டு நடந்ததை மாற்றிவிட்டது. முகம் தெரியாத ஒரு மலைக்கணவாய், பெயர் இல்லாத இரண்டு நாடுகள், தோளில் துப்பாக்கி, சுடக்கூடாது என்ற ஒப்பந்தம். இவ்வளவு போதும் ஒரு நல்ல டீமுக்கு. எந்த வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியதில்லை.

என்கோர் கேம்ஸ் வேறு வழியில் போனது. துப்பாக்கி இல்லை என்று ஆட்டக்காரர்கள் குறைப்பட்டுக்கொண்டே இருந்தார்கள். 2021 நடுவில் ஃபௌ-ஜிக்கு டீம் டெத்மேட்ச் மோட் வந்தது, துப்பாக்கிகளோடு. அதில் சுட்டுக்கொண்டே இருக்கலாம்.